தலைப்பில்லாத பதினொரு பெயர்கள்

பிரையர் ஃபோர்ட், இந்தியானா
4 ஜனவரி 1976

அன்புள்ள ஓரின் அண்ணாவுக்கு,

தங்கை வெர்னா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் இரைப்பு எப்படி இருக்கிறது? காது கொஞ்சமாவது கேட்கிறதா? தொலைபேசியில் பேசிவிடலாம்தான். ஆனால் எங்கள் சாலையில் இன்னும் நான்கு வீட்டுக்கு ஒரே கம்பி. உனக்குக் கேட்கும்படி நான் கத்தினால், ஒட்டுக் கேட்கிற சிரமம்கூட இல்லாமல் ஊருக்கே கேட்டுவிடும். அதனால்தான் கடிதம்.

வருகிற ஜூலையில் நாட்டுக்கு இருநூறு வயது ஆகிறதல்லவா? கோர்ட்டு முன்னால் நிற்கிற சிப்பாய் சிலையைத் தேய்த்துக் கழுவப்போகிறார்கள். உள்நாட்டுப் போரில் செத்து, அந்தக் காலத்தில் பெயர் விட்டுப்போனவர்களுக்காகக் கீழே ஒரு வெண்கலத் தகடும் பதிக்கப்போகிறார்கள். நம் கொள்ளுத்தாத்தா எப்ரேம் டெபெட்ஸ் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.

கமிட்டிக்குத் தலைவி ஓபல் கிரிஸ்ட். அவள் மகன் டேனி எட்டு வருடம் முன்பு வியட்நாமில் செத்தானே, அதிலிருந்து ஊரில் அவள் பேச்சை யாரும் தட்டுவதில்லை. நம் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிற செய்தித்தாள் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "பதினோரு பேர் இருக்கு. நாலாவது உங்க ஆளு, சரி. ஆனா மேல தலைப்பையே காணோமே வெர்னா? இது செத்தவங்க பட்டியல்தான்னு யார் சொன்னது?" என்றாள்.

யார் சொல்ல வேண்டும்? நூறு வருடமாக நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். நீ அந்தப் போர்க்காலச் செய்தித்தாள்களை நாற்பது வருடமாகச் சேர்க்கிறவன். 'இது செத்தவர்கள் பட்டியல்தான்' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேடிக்கொண்டெல்லாம் அலையாதே. ஒரு வரி போதும்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் தங்கை,
வெர்னா

வூஸ்டர், மாசசூசெட்ஸ்
15 ஜனவரி 1976

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு இரைப்பே மறந்துபோனது. முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள், படியேறாதே.

ஒரு வரி போதுமாம்! ஒரு சமையல்காரனைக் கூப்பிட்டு, வெந்நீர் வைத்துக்கொடு என்கிறாய். நம் வீட்டுத் துண்டு 'பிரையர் ஃபோர்ட் பேட்ரியட்' வாரத்தாளில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1863 இலையுதிர்காலம். முழுத்தாள் ஒன்று கிடைத்துவிட்டால் தலைப்பு, தேதி எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஓபல் வாயை மூடிவிடலாம். பழைய தாள் என்றதும் தொட்டால் பொடியாகிவிடும் என்று நினைக்காதே. அதெல்லாம் பின்னால் வந்த மரக்கூழ்த் தாள். போர்க்காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது. நூறு வருடம் மடித்து வைத்தாலும் மடிப்பில் உடையாது. என் வீட்டுக்கார அம்மாள் திருமதி குவிக்லிதான் நம்பமாட்டேன் என்கிறாள். "மிஸ்டர் டெபெட்ஸ், ஒரு தீக்குச்சி போதும், நாம ரெண்டு பேரும் சொர்க்கத்துக்குப் போயிடலாம்" என்பாள், மாடிப்படியில் ஏறும்போதெல்லாம்.

நீ எனக்கு ஒன்று செய். சட்டத்தைக் கழற்றி, துண்டின் பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று எழுதி அனுப்பு. முன்பக்கத்துக்குத் தலைப்பு இல்லாவிட்டாலும், பின்பக்கத்தை வைத்து எந்த வாரத்துத் தாள் என்று பிடித்துவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு லைலிடமிருந்து வாழ்த்து வந்தது. இன்னும் கனடாவில், சஸ்கட்டூனில்தான் இருக்கிறான். தச்சு வேலை நன்றாகப் போகிறதாம். உன் மகன் படைமுகாமை விட்டு எல்லை தாண்டிப் போய் வருகிற இலையுதிர்காலத்தோடு ஏழு வருடம் ஆகப்போகிறது. அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று கேட்டிருக்கிறான். நான்தான் சொல்லியிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஓரின்

பிரையர் ஃபோர்ட்
2 பிப்ரவரி 1976

அன்புள்ள அண்ணா,

சுகம். பனி ஜன்னல் விளிம்பு வரை நிற்கிறது. நீ வெளியே போகாமல் இருந்தாலே எனக்கு நிம்மதி.

சட்டத்தைக் கழற்ற முடியாது. அம்மா காலத்தில் பின்பலகையை ஆணி வைத்து அடித்தது. நெம்பினால் கண்ணாடி போய்விடும். அதை நான் திறந்ததே இல்லை, இனிமேல் திறக்கவும் மாட்டேன். பின்னால் ஒன்றும் பெரிதாக இல்லை, ஏதோ ஒரு அடுப்பு விளம்பரம், அவ்வளவுதான். இதற்காக நீ ஊர் ஊராகக் கடிதம் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் கேட்டது ஒரு வரி. அதைக் கேட்டால் நீ ஒரு கிடங்கையே புரட்டப்போகிறேன் என்கிறாய்.

ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சி ஆப்பிள் வெண்ணெய் செய்தேன், இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைத் திருமதி குவிக்லிக்குக் கொடு, தீக்குச்சி நினைப்பு கொஞ்சம் குறையட்டும்.

உன் தங்கை,
வெர்னா

வூஸ்டர்
11 பிப்ரவரி 1976

அன்புத் தங்கைக்கு,

ஆப்பிள் வெண்ணெய் வந்தது. இரண்டு ஜாடியையும் நானே வைத்துக்கொண்டேன். இரைப்பு மட்டுப்பட்டிருக்கிறது.

அடுப்பு விளம்பரம் என்று சொன்னாயே, அது போதும் எனக்கு! ஆல்பனியில் பழைய தாள் விற்கிற ப்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் தொண்டை ஆலைச் சங்கு மாதிரி, என் காதுக்கே கேட்கும். "ஓரின், உமக்கு அதிர்ஷ்டம்யா! ஒரு நூலகத்துல பெரிய ஊர்த் தாளை மட்டும் படச்சுருள்ல ஏத்திட்டு, கட்டின தாளையெல்லாம் குப்பைக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. லாரி கிளம்புறதுக்குள்ள போய் அள்ளிட்டு வந்தேன். உங்க ஊர்த் தாள் ஒரு வருஷத்துது மொத்தமா கெடக்கு" என்றார். 1863! முழு வருடம்! வேறு எங்கும் ஒரு இதழ்கூட நான் கண்டதில்லை. அதைக் குப்பை லாரியில் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள், படுபாவிகள். வாங்கிவிட்டேன். மார்ச் நடுவில் அனுப்புகிறார்.

ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. கொள்ளுப்பாட்டி கெஸையா கைக்குழந்தையோடு அவ்வளவு கஷ்டப்பட்டும், போரில் செத்தவன் மனைவிக்கு அரசாங்கம் கொடுத்த ஓய்வூதியத்தை ஏன் கேட்கவே இல்லை? மானக்காரி என்று அப்பா சொல்வார். இருக்கலாம்.

லைலைப் பற்றி எழுதியதற்கு நீ ஒன்றும் பதில் சொல்லவில்லை. சரி.

ஓரின்

பிரையர் ஃபோர்ட்
1 மார்ச் 1976

அன்புள்ள அண்ணா,

உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மனதுதான் சரியில்லை.

நேற்று தேவாலயத்தின் அடித்தளத்தில் கமிட்டி கூடியது. என் முறை என்பதால் செர்ரிப் பழம் வைத்த பலகாரம் செய்து கொண்டுபோயிருந்தேன். என் அண்ணன் முழுத்தாளையே வாங்கிவிட்டான் என்று நான் வாய்விட்டுச் சொன்னது தப்பாகப் போயிற்று. ஓபல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லதாப் போச்சு வெர்னா. உங்க வீட்டு ஆம்பிளைங்கள்ல ஒருத்தராவது ஓடாம நின்னாரேன்னு எனக்கு சந்தோஷம்" என்றாள்.

பதினாறு பேர் இருந்தார்கள். நான் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மீதியையும் வெட்டி, எல்லோர் தட்டிலும் வைத்தேன், அவள் தட்டிலும்தான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மெர்ல் செத்த பிறகு கடையை விற்றேன். பாட்டுக்குழுவிலிருந்து நானாக விலகினேன். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஏழு வருடமாக அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நடக்கிறேன். எனக்கு அந்தத் தகட்டில் நம் பெயர் வேண்டும், அண்ணா. டெபெட்ஸ் என்று. அந்த வழியாகப் போகும்போது நான் தலையை நிமிர்த்திப் பார்க்க ஒன்று வேண்டும்.

தகட்டை வார்க்கிறவருக்கு மே பத்தாம் தேதிக்குள் பெயர்கள் போக வேண்டும். கட்டு வந்ததும் நீ எதையும் புரட்டிக்கொண்டு உட்காராதே. அந்த வரியை எழுதி அனுப்பிவிடு.

வெர்னா

வூஸ்டர்
29 மார்ச் 1976

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே மழை. திருமதி குவிக்லிக்குப் பல் பிடுங்கினார்கள்.

கட்டு வந்தது. அட்டை கிழிந்திருக்கிறது, சில இதழ்கள் விட்டுப்போயிருக்கின்றன போல. இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. முதுகு வலியில் குனிய முடியவில்லை.

தகட்டுக்கு அவ்வளவு அவசரப்பட வேண்டுமா என்று யோசித்துப் பார். அப்பா இருந்தவரை அந்தச் சிலையைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பெயர் இல்லாமலேயே நூறு வருடம் நன்றாகத்தானே இருந்தோம்.

ஓரின்

பிரையர் ஃபோர்ட்
5 ஏப்ரல் 1976

அன்புள்ள அண்ணா,

முதுகுக்குக் கற்பூரத் தைலம் தடவு. இது என்ன கடிதம்? எட்டு வரி! ஒரு தாளின் ஓரத்து மையைப் பற்றியே நான்கு பக்கம் எழுதுகிறவன் நீ. ஒரு முழு வருடக் கட்டு கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் சரியாகப் பார்க்கவில்லையாம். நீ கல்யாணப் பெண்ணைப் பார்க்காமல் இருந்தாலும் இருப்பாய், கட்டைப் பார்க்காமல் இருக்கமாட்டாய்.

உடம்புக்கு ஏதாவது பெரிதாக வந்துவிட்டதா? என்னிடம் மறைக்கிறாயா? டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது.

வெர்னா

பிரையர் ஃபோர்ட்
20 ஏப்ரல் 1976

அண்ணா,

பதினைந்து நாளாகத் தபால்பெட்டிக்கு நடந்து நடந்து முழங்கால் வீங்கிவிட்டது. தபால்காரர் ஹோமர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். நேற்று பொறுக்காமல் திருமதி குவிக்லிக்குத் தொலைபேசி போட்டேன். "அவருக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் சாப்பிடுறாரு. ஆனா ஒரே தாளை மேசையில விரிச்சு வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காரு" என்றாள்.

அந்தத் தாளைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். வரியை மட்டும் அனுப்பு. தயவுசெய்து.

வெர்னா

வூஸ்டர்
24 ஏப்ரல் 1976

என் அருமை வெர்னாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடு.

கட்டு வந்த அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். 1863 அக்டோபர் 22, வியாழக்கிழமை இதழ். நான்காம் பக்கத்தில் அடுப்பு விளம்பரம் இருந்தது. அதற்கு நேர் பின்னால், மூன்றாம் பக்கத்தில், நம் பதினொரு பெயர்கள். நான்காவது எப்ரேம் டெபெட்ஸ், கே கம்பெனி என்ற படைப்பிரிவு. எழுத்துக்கு எழுத்து அதேதான்.

மேலே தலைப்பும் இருக்கிறது. 'ஓடிப்போனவர்கள். பிடித்துக் கொடுப்போருக்குத் தலைக்கு முப்பது டாலர் வெகுமதி.'

நான் முப்பது தடவை படித்திருப்பேன். அடுத்த வாரம் தவறைத் திருத்திப் போட்டிருப்பார்கள் என்று ஆசையோடு வருடக் கடைசி வரை ஒவ்வொரு இதழாகப் பார்த்தேன். அந்தக் காலத் தாள்களில் அப்படி நிறைய நடக்கும், செத்தவன் என்று போட்ட ஆள் அடுத்த வாரம் நேரே வந்து நிற்பான். நம் ஆளுக்குத் திருத்தம் வரவில்லை.

இனிமேல் எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த இதழுக்கு வேறு பிரதி நான் பார்த்ததில்லை. இருப்பது இது ஒன்றாகவே இருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை அந்த ஒரு தாளைக் கட்டிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு கீழே சமையலறை அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். நாற்பது வருடமாக அடுப்புக்கும் குப்பைக்கும் போகாமல் இதுபோன்ற தாள்களைக் காப்பாற்றியவன் நான். திருமதி குவிக்லி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மிஸ்டர் டெபெட்ஸ், கடைசியில நீங்களே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தாள். திரும்ப மாடிக்கு வந்துவிட்டேன்.

எரிக்க முடியவில்லை. ஆனால் உனக்காக இன்னொன்று செய்திருக்கிறேன். நீ கேட்ட வரி இத்தோடு இருக்கிறது. 'ஆராய்ந்து பார்த்ததில் இது போரில் உயிர்விட்டவர்கள் பட்டியல் என்று உறுதி சொல்கிறேன்.' அதில் என் கையெழுத்து மட்டும்தான் உண்மை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். நீ கொடுத்தால், தாள் என்னோடு போய்விடும், யாருக்கும் காட்டமாட்டேன்.

ஒன்று கேட்கலாமா? சட்டத்தைத் திறந்ததே இல்லை என்று எழுதினாய். அடுத்த வரியிலேயே பின்னால் அடுப்பு விளம்பரம் என்றாய். நேற்றுதான் அது எனக்கு உறைத்தது. உனக்குத் தெரியுமா, வெர்னா?

உன் அண்ணன்,
ஓரின்

பிரையர் ஃபோர்ட்
9 மே 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இப்படி எழுதி நெடுநாளாயிற்று.

எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதிலிருந்தே தெரியும். நீ தபால் ரயிலில் வேலைக்குப் போன வருடம், கூடத்தைத் தூசி தட்டும்போது சட்டத்தைக் கீழே போட்டேன். பின்பலகை விட்டுப்போனது. தலைப்பு எங்கும் போகவில்லை அண்ணா, அங்கேதான் இருந்தது, பின்பக்கமாக மடித்துவிட்டிருந்தது. பிரித்துப் படித்தேன். அம்மா மாவுக் கையோடு வந்து பார்த்தாள். "உள்ள வை. ஆணி அடி. அப்பாகிட்டயும் ஓரின்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றாள். சுத்தியலையும் அவளே எடுத்துக்கொடுத்தாள். அன்று அடித்த ஆணி அது. உன்னிடம் ஒரு வரி மட்டும் கேட்டதற்கும், தேடாதே என்று கெஞ்சியதற்கும் காரணம் அதுதான். என் அண்ணனையே பொய்ச்சாட்சியாக்கப் பார்த்தேன். மன்னித்துவிடு.

நேற்று கடைசிக் கூட்டம். உன் வரி என் கைப்பையில் இருந்தது. கொடுத்துவிடுவது என்றுதான் போனேன், பொய் சொல்லமாட்டேன். மேசை மேல் இரண்டு தகடுகளின் வரைபடம் விரித்திருந்தது. ஒன்று பழைய போருக்கு. இன்னொன்று வியட்நாமுக்கு, அதில் ஒரே ஒரு பெயர். டேனியல் கிரிஸ்ட். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கப்போகிறார்களாம். ஓபல் பேசிக்கொண்டே அந்தப் பெயர் மேல் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. டேனி என் சமையலறையில் எத்தனை தடவை பால் குடித்திருக்கிறான். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என் பொய்யைக் கொண்டுபோய் வைக்க எனக்குக் கை வரவில்லை.

"கொண்டு வந்தியா வெர்னா?" என்றாள்.

"எங்க ஆளு பேரை எடுத்துடு ஓபல். அவர் சாகலை. ஓடிப்போயிட்டார். அது ஓடிப்போனவங்க பட்டியல்" என்றேன்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். பென்சிலை எடுத்து அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். ஆனால் கூட்டம் முடிந்து நான் காரில் ஏறும்போது பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"லைல் உசிரோட இருக்கான்ல?"

"இருக்கான்."

"எங்க இருக்கான்?"

"கனடாவுல. விலாசம் எங்க அண்ணன்கிட்ட இருக்கு."

"உன்கிட்ட இல்லையா?"

"அவன் எழுதினதையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். மெர்ல் அந்தப் பேரை வீட்டுல எடுக்கக் கூடாதுன்னுட்டார்."

"மெர்ல் செத்து நாலு வருஷம் ஆச்சேடி."

அவள் கார்க் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "உன் பையனை நான் மன்னிக்கலை, அது வேற. ஆனா எனக்கு மட்டும் ஒரு விலாசம் இருந்தா, வெர்னா, ஹோமரோட கை ஓஞ்சுபோற வரைக்கும் எழுதிட்டே இருப்பேன்டி."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். நான் சாவியைப் போடாமல் அரைமணி நேரம் காரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து நெம்புகோல் வைத்து ஆணியைப் பிடுங்கினேன். கண்ணாடி உடைந்தது, உடையட்டும். நீ சொன்னது சரி அண்ணா, தாள் மடிப்பில் உடையவே இல்லை. கெஸையாவுக்கு அந்தத் தலைப்பை வெட்டி அடுப்பில் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் வெட்டவில்லை, மடித்து வைத்தாள். சாகும்வரை சமையலறைக் கதவுக்குத் தாழ் போட்டதில்லை என்று அம்மா சொல்வாளே, மறதி என்றுதானே நினைத்தோம்? செத்தவனுக்கு யாராவது கதவைத் திறந்து வைப்பார்களா? எங்கே போனார் என்று அவளுக்கு ஒரு துப்பும் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருப்பாள்.

நீ எழுதிய வரியைக் கிழித்துவிட்டேன். உன் தாளைப் பத்திரமாக வை, யார் கேட்டாலும் காட்டு.

அவன் விலாசத்தை அனுப்பு.

வெர்னா

வூஸ்டர்
14 மே 1976

அன்பு வெர்னா,

இரைப்பு, காது, முதுகு, ஒன்றைப் பற்றியும் இன்றைக்கு எழுதப்போவதில்லை.

விலாசம் தனித் தாளில் இருக்கிறது. நான்கு வருடம் முன்பே எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி வைத்திருந்தேன். அதற்குள் தபால் கட்டணம் ஏறிவிட்டது, அதன் மேலேயே இன்னொன்று ஒட்டியிருக்கிறேன்.

ஓரின்

பிரையர் ஃபோர்ட்
31 மே 1976

மகன் லைலுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால்தான் சரியில்லை, மாமா சொல்லியிருப்பார். நீ எப்படி இருக்கிறாய்? இத்தனை வருடமாக இதைக் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? பனிக்காலத்துக்கு நல்ல கோட்டு இருக்கிறதா? தோள் அளவை எழுது, நீ போகும்போது இருந்த அளவுதான் எனக்குத் தெரியும்.

உன் கடிதங்கள் ஒன்பதையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அப்பாவுக்காக ஐந்து. மற்ற நான்கும் என் பயத்துக்காக. ஊருக்குப் பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, கண்ணா. அப்பா அடக்கத்துக்கு நீ வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தும், வரவில்லையே என்று உன் மேல் கோபப்பட்டேன். அதுவும் தப்புத்தான்.

இத்தோடு இருக்கிற தாள் துண்டு கூடத்தில் தொங்கியதுதான். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அதில்தான், ஞாபகம் இருக்கிறதா? நாலாவது பெயர் உன் எள்ளுத்தாத்தா. மேல் ஓரத்தில் ஒரு மடிப்பு இருக்கும். பிரித்துப் படி. பயப்படாதே, உடையாது. அவருக்கு அந்த நாளில் யாரும் ஒரு கடிதம் போட முடியவில்லை. எங்கே போட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவுக்கும் டேனிக்கும் பூ வைத்தேன். ஓபல் அங்கே இருந்தாள். எழுதிவிட்டாயா என்று கேட்டாள். இன்று எழுதுகிறேன் என்றேன்.

ஜூலை நான்காம் தேதி ஊரில் பெரிய ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் இருக்கிறது. நான் இருக்கமாட்டேன். அன்று காலையில் பஸ் ஏறுகிறேன். நான்கு பஸ் மாற வேண்டும், ஆறாம் தேதி மாலை சஸ்கட்டூன் வந்துவிடும் என்கிறார்கள். ஆப்பிள் வெண்ணெய் கொண்டுவருகிறேன்.

உனக்கு என் மேல் வருத்தம் இருந்தால், நிலையத்துக்கு வர வேண்டாம். விலாசம் என்னிடம் இருக்கிறது. கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன்.

அம்மா